உவர்மலை ஆளுநர் வேறு, ஒட்டாவா ஆளுநர் வேறு

திருகோணமலையில் இருந்து கனடாவுக்கு வரும் நம் ஆட்களுக்கு ஆளுநர் என்றதும் உவர்மலைதான் நினைவுக்கு வரும். ஆசிரியர் இடமாற்றமா, தொண்டர்களுக்கு நிரந்தர நியமனமா, எதுவானாலும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே உள்ள கிழக்கு மாகாண ஆளுநர் செயலகத்துக்குப் போய்ப் பழகியவர்கள் நாங்கள். அதில் பிழை சொல்ல முடியாது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் நடந்தது 2012-ல், 2017-ல் அதன் காலமும் முடிந்துபோக, ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில்தான் வருடக்கணக்காக மாகாண நிர்வாகம் கிடந்தது.

அந்தப் பழக்கத்தில், குடும்பத்தை இங்கே அழைக்கப் போட்ட ஸ்பொன்சர் கேஸ் இழுபடுகிறது என்று இங்குள்ள ஆளுநர் நாயகத்துக்கு மனு எழுதாதீர்கள். நேரம்தான் நட்டம். நீங்கள் குடியிருக்கும் தொகுதியின் எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள், பிரஜாவுரிமை இல்லாவிட்டாலும் போகலாம். கோப்பு எந்த நிலையில் நிற்கிறது என்று விசாரித்துச் சொல்வார்கள், காசு கேட்க மாட்டார்கள்.

சரி, அப்படியென்றால் ஆளுநர் நாயகத்துக்கு என்னதான் வேலை? கனடாவின் அரச தலைவர் மன்னர் சார்ள்ஸ். அவர் லண்டனில் இருப்பதால் அவருடைய இடத்தில் ஒட்டாவாவில் ஒருவர், பத்து மாகாணங்களுக்கும் தனித்தனியாகத் துணை ஆளுநர்கள். இலங்கையிலும் 1972 வரை இதே ஏற்பாடுதான், கடைசி மகாதேசாதிபதி கோபல்லாவ. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டமூலம் இவருடைய ஒப்புதலோடுதான் சட்டமாகும். பிரதமர் கேட்டால் நாடாளுமன்றத்தைக் கலைப்பார், நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் தொடக்கத்தில் அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் அரியணை உரையை வாசிப்பார் (2025 மே மாதம் மன்னரே நேரில் வந்து வாசித்தது அபூர்வம்), அமைச்சர்களுக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைப்பார். நம் கெரி ஆனந்தசங்கரி 2025-ல் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானதும் ஆளுநர் நாயகத்தின் வாசஸ்தலமான ரிடோ ஹாலில், ஆளுநர் நாயகம் மேரி சைமன் முன்னிலையில்தான். இதில் எதையும் தன் இஷ்டத்துக்குச் செய்வதில்லை, பிரதமரின் ஆலோசனைப்படிதான்.

ஆனால் வெறும் அலங்காரப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். 2008 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் கூட்டுச் சேர்ந்து பிரதமர் ஹார்ப்பரின் சிறுபான்மை அரசைக் கவிழ்க்கத் தயாராக நின்றபோது, வாக்கெடுப்புக்கு முன்பே கூட்டத்தொடரை முடித்துவிடுங்கள் என்று கேட்க அவர் ரிடோ ஹாலுக்குப் போனார். உடனே கையெழுத்து கிடைக்கவில்லை, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டி வந்தது. கடைசியில் சம்மதம் கிடைத்தது, அரசும் தப்பியது. நாட்டின் பிரதமரைக் காக்க வைத்த அந்த ஆளுநர் நாயகம் மிஷேல் ஜான், ஹெய்ட்டியில் இருந்து சிறுவயதில் அகதியாக வந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவில் இன்னும் ஒருபடி மேலே: 1975 நவம்பர் 11-ல் அந்நாட்டு ஆளுநர் நாயகம் ஜோன் கேர், பிரதமர் விட்லமைப் பதவியில் இருந்தே தூக்கினார். அந்தச் சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

உங்களுக்கு இது நேரடியாகத் தேவைப்படுவது பிரஜாவுரிமைச் சோதனைக்கு. 20 கேள்வி, 15 சரியாக இருக்க வேண்டும். அரச தலைவர் யார், அரசாங்கத் தலைவர் யார் என்பதை மாற்றி எழுதிவிடாதீர்கள்: முன்னவர் மன்னர், பின்னவர் பிரதமர். நாடாளுமன்றத்தின் மூன்று பகுதிகள் மன்னர், செனட், மக்கள் சபை.

அப்புறம் சத்தியப்பிரமாணம். மன்னர் சார்ள்ஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். நம்மை ஆண்ட வெள்ளைக்காரனுக்கா என்று சிலருக்கு நெருடும், நியாயம்தான். அதை எதிர்த்துச் சிலர் வழக்கே போட்டார்கள். 2014-ல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த விசுவாசம் தனி மனிதருக்கு அல்ல, நாட்டின் ஆட்சிமுறைக்கு என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, 1994-லேயே உறுதிமொழியில் இருந்து அரசியின் பெயரை எடுத்துவிட்டார்கள்.