கார்போரண்டம் படிகத்தில் வெளிச்சம் வரவழைப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளராக இருக்கிறேன். கவாத்துக் கத்தி தீட்டும் கறுப்புச் சாணைக்கல் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும். கார்போரண்டம் என்கிற சிலிக்கன் கார்பைடுதான் அது. 1907இல் ஹென்றி ஜோசப் ரவுண்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதன் படிகத்துக்கு 10 வோல்ட் கொடுத்தார். மஞ்சள் ஒளி வந்தது. இன்று நம் வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கின் மூதாதை அந்தப் புள்ளிதான். அதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

சாணைக்கல்லே போதும் என்று நினைத்து நான் இரண்டு இரவுகளை வீணாக்கினேன். துகள்களைப் பிணைத்திருக்கும் சுட்ட மண் மின்சாரத்தை எளிதில் விடாது. கனிமக் கற்கள் விற்பவர்களிடம், கறுப்பில் வானவில் நிறம் மின்னும் கார்போரண்டம் கொத்தாகவே வாங்குங்கள்.

கொத்தின் அடிப்பாதியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். 9 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, நேர்முனையைத் தாளோடு சேருங்கள். எதிர்முனையிலிருந்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 470 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வழியாக ஒரு தையல் ஊசிக்கு ஒயர் வரட்டும். ரெசிஸ்டர் கட்டாயம். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை இதற்குத் தொடவே கூடாது, உயிர் போய்விடும்.

இருட்டு முக்கியம். எங்களுக்கு ஆடி மாத மழையில் மின்வெட்டே அதைத் தந்துவிடும். கால் மணி நேரம் கண்ணைப் பழக்கிய பிறகு ஊசியை எடுங்கள். அழுத்தாமல், பாகின் பதம் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டு நகர்த்துங்கள். தட்டையான முகங்களைவிட விளிம்புகளில் அதிகம் தேடுங்கள். அரை மணி நேரம் ஒன்றும் தெரியாமல் போகலாம், விட்டுவிடாதீர்கள். என் கை தளர்ந்ததும் மகள் ஊசியை வாங்கிக்கொண்டாள். "அப்பா, அசையாதீங்க" என்றாள். கல்லின் ஓரத்தில், மூக்குத்திப் பொடிக்கல்லைவிடச் சிறிதாக, பச்சையும் நீலமும் கலந்த ஒரு புள்ளி நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம். துடிக்கவில்லை, நடுங்கவில்லை.

அந்த அசையாமைதான் அடையாளம். வெள்ளையாகப் படபடத்தால் அது தீப்பொறி; சிவந்து மெல்ல ஏறினால் வெறும் சூடு. உண்மையான ஒளி ஊசி பட்டதும் தோன்றும், எடுத்ததும் மறையும். ஓர் எலக்ட்ரான் தன் ஆற்றலை இழந்து, படிகத்தில் காலியாக இருக்கும் துளையில் விழும்போது அந்த ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. படிகத்தில் கலந்திருக்கும் மாசைப் பொறுத்து நிறம் மாறும். ரவுண்டும் பச்சை, ஆரஞ்சு, நீலம் எல்லாம் கண்டார்.

எங்கும் ஒளிராவிட்டால் பேட்டரி முனைகளை மாற்றி இணைத்து மறுபடி தேடுங்கள். ஊசி முனையை ஒவ்வொரு முறையும் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். இந்த மலை ஈரத்தில் ஒரு வாரத்துக்குள் துருப்பிடித்துவிடுகிறது.