வன்னியில் உளசமூகப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் முறை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த, இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள முல்லைத்தீவுக் கரையோர மக்கள், ஐந்து ஆண்டுகள் கழியும் முன்பே இறுதிப் போரையும் அனுபவித்தார்கள். வடக்கின் நிலையை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் கூட்டு மனவடு என்றே விளக்கினார். தனிமனிதரோடு குடும்பமும் ஊரும் அயலவர் மீதான நம்பிக்கையும் சேர்ந்தே சிதைகின்றன. ஆகவே மனத்துயரோடு குடும்ப, ஊர் உறவுகளையும் சேர்த்துக் கவனிக்கும் உளசமூகப் பணியாளருக்கான பயிற்சியை நோய்க்குறிகளின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம்.

பட்டத்தை விட, ஊரவர் மனம்விட்டுப் பேசக்கூடியவரா என்பதைப் பார்த்தே ஆளைத் தெரிவுசெய்யுங்கள். முன்பள்ளி ஆசிரியையோ மாதர் சங்க உறுப்பினரோ பொருத்தமாக இருக்கலாம். அவரும் பெரும்பாலும் இழப்பைச் சுமந்தவரே என்பதால், முதல்நாளிலேயே எல்லோரையும் தத்தம் கதையைச் சொல்லச் சொல்வது கொடுமை. விரும்பியவர் விரும்பிய பொழுதில் சொல்லட்டும்.

"நெஞ்செரியுது", "ஒரே யோசனை", "நித்திரை இல்லை" என்றுதான் மக்கள் துயரத்தைச் சொல்வார்கள். அதைக் கேட்டவுடன் நோய்ப்பெயர் சூட்டாமல், எப்போது தொடங்கியது, வீட்டில் யார் துணை, சமைத்துச் சாப்பிடுகிறாரா என்று விசாரிக்கப் பழக்குங்கள்.

நடிப்புப் பயிற்சிக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். காணாமலாக்கப்பட்ட மகனின் சட்டையை இன்னும் மடித்து வைத்திருக்கும் தாயாக ஒருவர் நடிக்கட்டும். பணியாளராக நடிப்பவர் அநேகமாக, "அழாதேங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்" என்பார். அந்த இடத்திலேயே நிறுத்திப் பேசுங்கள். மகன் வருவான் என்றோ இறந்துவிட்டான் என்றோ சொல்லும் உரிமை நமக்கில்லை; உடலைக் காணாத நிலையில் அந்தியேட்டி என்னும் இறுதிக் கிரியையைச் செய்வதா என்பதும் அந்தத் தாய் தீர்மானிக்க வேண்டியது. அவர் சாத்திரம் கேட்கப் போனாலும் ஏளனம் கூடாது. பேசாமல் அருகில் இருக்கும் சில நிமிடங்களைத் தாங்கப் பழகுவதே இப்பயிற்சியின் கடினமான பகுதி.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்று செயல்களைக் கூறுகிறது. நடந்ததை ஒரே அமர்வில் முழுவதும் சொல்லவைக்கும் முறை இதில் இல்லை. அதைக் கற்பிக்கவும் வேண்டாம். இணைத்தலுக்கு, மாவட்ட வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சை நடைபெறும் நாளும், கிராம அலுவலரின் தொலைபேசி எண்ணும் ஒவ்வொருவரின் கையிலும் இருக்க வேண்டும். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகாது. உண்டென்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அகற்றச் செய்து, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.

குறிப்பேட்டில் பெயரும் முகவரியும் எழுத வேண்டாம். பதிவு என்றாலே அஞ்சும் மக்கள் இவர்கள்.

பயிலரங்கு முடிந்ததும் பயிற்றுநர் ஊர் திரும்புவதுதான் நான் கண்டவற்றுள் மிகப் பெரிய குறை. இரு வாரத்துக்கு ஒருமுறையாவது அனுபவமிக்க உளவளத்துணையாளர் ஒருவர் பணியாளர்களைச் சந்தித்து, அவர்கள் கேட்டுச் சுமப்பவற்றை இறக்கிவைக்க இடமளிக்க வேண்டும். அதற்குரிய பயணச்செலவையும் கொடுப்பனவையும் பயிற்சிச் செலவோடு சேர்த்தே திட்டத்தில் எழுதுங்கள்.