துணி வாட்ச் ஸ்ட்ராப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் துணி ஸ்ட்ராப்பைக் கையில் எடுத்ததும் எல்லோரும் விரலால் தடவித்தான் பார்ப்போம். மெத்தென்று இருந்தால் சரி, பில் போடச் சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் ஒரு கான்வாஸ் ஸ்ட்ராப் வாங்கினேன். மேலே பருத்தி, அடியில் மெல்லிய தோல். தொட்டால் அவ்வளவு சுகம். ஏப்ரல் மாதச் சென்னையில் அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தேன். மே முடிவதற்குள் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாத நாற்றம். அடியில் இருக்கும் தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும், துணி மாதிரி அலசிக் காயப்போடவும் முடியாது. ஸ்ட்ராப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

“வெயிலுக்குப் பருத்திதான் நல்லது” என்பது இன்னொரு தப்புக் கணக்கு. சட்டைக்கு அது பொருந்தும். சட்டை தளர்வாகக் கிடக்கும், உள்ளே காற்று போய்வரும். ஸ்ட்ராப் அப்படியில்லை, நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. சாதாரணக் காற்றில் சும்மா வைத்திருந்தாலே பருத்தி ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நைலானில் அது 4 சதவீதம் போல. பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட வராது. கை கழுவும்போது நனைந்த நைலான் ஸ்ட்ராப் சீக்கிரம் காய்ந்துவிடும். தடித்த கான்வாஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு நனைந்தால் சாயங்கால டீ வரைக்கும் சொதசொதவென்றே இருக்கும். மணிக்கட்டில் வரும் அரிப்புக்குப் பெரும்பாலும் இந்த ஈரம்தான் காரணம். நாளெல்லாம் ஏசி அறையில் இருப்பவருக்குக் கான்வாஸ் பரவாயில்லை. சமையலறை, பைக், கைக்குழந்தை என்று ஓடுபவர் நைலான் பக்கம் போவதே நல்லது.

சரி, நைலான் என்று முடிவு செய்து இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது நேட்டோ ஸ்ட்ராப். பார்க்க மிடுக்காக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதை ஏன் அப்படி வடிவமைத்தார்கள் என்று தெரியாமல் வாங்கி, “உறுத்துகிறது” என்று மேசை இழுப்பறையில் போட்டவர்கள் நிறைய. 1973-ல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் தன் படைவீரர்களுக்காக இதற்கு ஒரு தரக்குறிப்பு வெளியிட்டது: சாம்பல் நிற நைலான், 20 மி.மீ அகலம். கிடங்கில் இதைக் கேட்டு வாங்க நிரப்ப வேண்டிய படிவத்தின் பெயரால் ஜி10 என்றும் சொல்வார்கள். நேட்டோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது கிடங்குப் பொருள்களுக்குத் தரப்படும் நேட்டோ ராணுவக் கூட்டணியின் எண்ணால்தான்.

கடிகாரத்தில் ஸ்ட்ராப்பைப் பிடித்து வைக்கும் சிறு கம்பிக்குப் பின் என்று பெயர். இதில் ஒரே நீளத் துணி இரண்டு பின்களுக்கும் உள்ளாக நுழைந்து, கடிகாரத்தின் அடியில் ஓடும். அதன் கீழே இன்னொரு குட்டைத் துண்டு. ஒரு பின் உடைந்தாலும் கடிகாரம் கீழே விழாது. அந்தக் குட்டைத் துண்டு கடிகாரம் ஸ்ட்ராப்பில் நகர்ந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். போர்வீரனுக்கு இது வரம். நமக்கோ கடிகாரத்துக்கு அடியில் இரண்டு அடுக்குத் துணி. ஓர் அடுக்கு 1.2 மி.மீ என்றால் கடிகாரம் இரண்டரை மி.மீ-க்குக் கிட்ட உயர்ந்துவிடும். பழைய எச்எம்டி மாதிரி மெல்லிய கடிகாரத்தில் இது தெரியாது. 13 மி.மீ தடிமனுள்ள டைவர் கடிகாரத்தில் (கடலுக்குள் முக்குளிப்பவர்களுக்கானது) சட்டைக் கை மாட்டும், ஒல்லியான மணிக்கட்டில் தலை கனத்து ஒருபக்கமாகச் சாயும். ‘சீட்பெல்ட்’ என்று விற்கும் வழவழப்பான நைலான் தொட இதமாக இருக்கும். அதில் பல வகைகள் இன்னும் தடிமன், கவனம்.

இதற்கு எளிய வழி, அந்தக் குட்டைத் துண்டு இல்லாத ஒற்றை அடுக்கு ஸ்ட்ராப் கேட்டு வாங்குவது. ஏற்கெனவே நேட்டோ வைத்திருந்தால் குட்டைத் துண்டைக் கத்தரித்துவிட்டு, வெட்டிய ஓரத்தை லைட்டர் சுடரில் லேசாகக் காட்டலாம். நைலான் உருகி ஓரம் பிரியாமல் நிற்கும். பருத்தியில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், பற்றிக்கொள்ளும். இன்னொன்று, அடியில் சென்சார் உள்ள ஸ்மார்ட் வாட்சுக்கு அடிவழியாக ஓடும் எந்த ஸ்ட்ராப்பும் ஆகாது. துணி சென்சாரை மூடிவிட்டால் நாடித்துடிப்பை எப்படி அளக்கும்?

அகலத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் வழக்கமான தவறுதான். அளக்க வேண்டியது ஸ்ட்ராப் மாட்டுவதற்காகக் கடிகாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை, டயலின் அகலத்தை அல்ல. 18, 20, 22 மி.மீ என்பவை பொதுவான அளவுகள். 19, 21 என்றும் கடிகாரங்கள் உண்டு, ஏமாறுவது அங்கேதான். மெல்லிய நைலான் 1 மி.மீ கூடுதலாக இருந்தால் கொஞ்சம் நெருக்கி நுழைத்துவிடலாம். குறைந்தால் ஸ்ட்ராப் பக்கவாட்டில் ஆடும், உள்ளே இருக்கும் பின்னும் பல்லிளிக்கும். 1964-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி கட்டியிருந்த ரோலெக்ஸின் ஸ்ட்ராப்பே அப்படிக் குறுகலாகத்தான் இருக்கும். அதைப் ‘பாண்ட் நேட்டோ’ என்று விற்பது வேறு வேடிக்கை, ஜி10 வந்ததே ஒன்பது வருடம் கழித்து.

நீளத்தை யாரும் கேட்பதே இல்லை. நேட்டோ வகைகள் 28 செ.மீ வாக்கில் இருக்கும். மெலிந்த கையில் மிச்சத்தை மடித்துச் சொருகினால் அந்த மடிப்பே ஒரு மேடாகி, டைப் செய்யும்போது மேசையில் இடிக்கும். குட்டை அளவு கிடைக்கிறதா என்று கேளுங்கள். துளையே இல்லாத, பின்னல் மாதிரி நெய்த பெர்லான் ஸ்ட்ராப்பும் உண்டு. பக்கிளின் முள் நெசவில் எங்கு வேண்டுமானாலும் நுழையும் என்பதால், வெயிலில் கை கொஞ்சம் வீங்கினால் ஒரு துளி தளர்த்திக்கொள்ளலாம். காற்றும் புகும். நம் ஊர் வெயிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே நூல் பிசிறும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

துணி மாற்றியும் அரிப்பு நிற்கவில்லையா? பக்கிளையும் வளையங்களையும் பாருங்கள். மலிவான உலோகத்தில் உள்ள நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தடிப்பு பக்கிள் படும் இடத்தில் மட்டும் இருந்தால் பழி துணிமேல் இல்லை.

அடர்நிற ஸ்ட்ராப்பை வெள்ளைச் சட்டையோடு கட்டும் முன் தனியாக ஒருமுறை அலசிவிடுங்கள், சாயம் போகிறதா என்று தெரிந்துவிடும். பிறகும் வாரம் ஒருமுறை மென்மையான சோப்பில் அலசி, சோப்பு கொஞ்சமும் தங்காமல் நீர் மாற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயில் நைலானை நாளடைவில் பலவீனமாக்கும். ஒன்று காயும்போது கட்டிக்கொள்ள இன்னொன்று வாங்கி வைத்துவிடுங்கள். ஒற்றை அடுக்கு ஸ்ட்ராப் என்றால் பின்னைக்கூடக் கழற்ற வேண்டாம், உருவிவிட்டு அடுத்ததை நுழைக்க அரை நிமிடம் போதும்.