சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைக் கடைசியில் வாங்குங்கள்: அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வது

காரைக்குடிப் பக்கம் தரைத்தளமும் மேலே நான்கு மாடியும், மாடிக்கு எட்டு வீடும், எல்லாருக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டும் உள்ள மலிவு விலைக் குடியிருப்பு ஒன்றில் நானும் இருக்கிறேன், குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் என்று ஒரு பேர் வேறு. தீப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே கூட்டத்தில் யாராவது எழுந்து 'மாடிக்கு ரெண்டு தீயணைப்பு சிலிண்டர் வாங்கி மாட்டிடுவோம்' என்பார், எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். முதல் வருஷம் நாங்கள் செய்தது அதுதான். தப்பு. படிக்கட்டு முதலில், அப்புறம் மின்சாரம், அதற்கப்புறம் தண்ணீர், சிலிண்டர் கடைசி.

படிக்கட்டுக்கு ஏன் முதலிடம் என்றால், தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பு இல்லை, புகை. நம்ம ஊர்ப் பழைய நகரத்தார் வீட்டில் முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்வாசல் வழியாக அடுத்த தெருவிலேயே இறங்கிவிடலாம், நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும், புகை அதன் போக்கில் மேலே போய்விடும். நம் குடியிருப்பில் முற்றமும் இல்லை, பின்வாசலும் இல்லை. புகையும் ஆளும் ஒரே படிக்கட்டில்தான் போயாக வேண்டும்.

ஒரு சாயங்காலம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு நோட்டு, போன், ஒரு கட்டு ஊதுபத்தி எடுத்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்குங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு குறையையும் எந்த மாடி, எந்த இடம், என்ன குறை, என்ன தேதி என்று எழுதிப் போட்டோ எடுங்கள். பக்கத்தில் 'யார் சரிசெய்ய வேண்டும்' என்று ஒரு கட்டம் விடுங்கள், அதில் மூன்றே பதில்தான்: அந்த வீட்டுக்காரர், சங்கம், கட்டிக் கொடுத்தவர். இதைப் பிரிக்காமல் பொத்தாம் பொதுவாக 'பாதுகாப்பு இல்லை' என்று மனு கொடுத்தால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள், நான் அப்படிக் கொடுத்துப் பார்த்தவன்.

நம் பக்கத் தப்புகளை முதலில் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவரிடம் கேட்க வாய் வராது. எங்கள் படிக்கட்டில் பழைய கட்டில், சைக்கிள், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவியின் அட்டைப்பெட்டி எல்லாம் இருந்தன. மீட்டர் பெட்டிக்கு முன்னால் நாலு பைக், அதில் ஒன்று அங்கேயே இரவு முழுக்க சார்ஜ் ஏறும் மின்சார வண்டி. மொட்டை மாடிக் கதவுக்குப் பெரிய பூட்டு, ஒரே சாவி, அதை வைத்திருந்த அண்ணன் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார், அவர் வரும்வரை அந்தக் கதவு சுவர்தான். இப்போது பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். திருடன் பயம் உண்டுதான், ஆனால் பூட்டிய கதவைவிட அந்தப் பயம் சின்னது.

பலகாரம் சுடுவது தனிக் கதை. இரண்டாம் மாடியில் ஓர் ஆச்சி தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து முறுக்கும் அதிரசமும் சீப்புச்சீடையும் சுட்டு விற்பார், வீட்டுக்குள் இடம் போதாது என்று பெரிய கேஸ் சிலிண்டரும் அடுப்பும் நடைபாதைக்கு வந்துவிட்டன. சொன்னேன். "தம்பி, தீபாவளி முடியட்டுமே, எனக்கு இந்த ஒரு மாசம்தான் கையில காசு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அபராதம் போட மனசு வரவில்லை. தரைத்தளத்தில் சைக்கிள் நிறுத்தப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் நாலு பக்கமும் காற்று வரும்படி ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து படிக்கட்டு வழியாகக் கீழேதான் இறங்கும், அதனால் நடைபாதையில் கேஸ் சிலிண்டர் கூடவே கூடாது. ரப்பர் குழாயை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 1906. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டுப் போட்டு மூட வேண்டும், இதை அந்த ஆச்சிதான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்து ஊதுபத்தி. ஒவ்வொரு மாடியிலும் மின்சார ஒயரும் தண்ணீர்க் குழாயும் மேலே போகும் செங்குத்தான குழி இருக்கும், ஷாஃப்ட் என்போம், அதற்கு ஒரு சின்னக் கதவு. ஒரு மாடியில் ஊதுபத்தியை ஏற்றி அந்தக் கதவிடுக்கில் பிடியுங்கள். எங்களிடம் இரண்டாம் மாடியில் பிடித்த புகை உள்ளே சரசரவென்று இழுபட்டது, மூன்றாம் மாடியில் நின்ற பையன் 'அண்ணே, இங்க சந்தன வாசம் வருது' என்று கத்தினான். ஒவ்வொரு தளத்திலும் கான்கிரீட் ஓட்டையை ஒயரைச் சுற்றி அடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழே மீட்டர் பெட்டி எரிந்தால் அந்தப் புகை எல்லா மாடிக்கும் ஒரே நேரத்தில் வரும். இது கட்டியவர் கணக்கு.

கேட்டதும் ஆள் அனுப்பினார்கள், வந்தவர் டப்பாவிலிருந்து மஞ்சள் நுரையைப் பீய்ச்சி ஓட்டைகளை மூடிவிட்டுப் போய்விட்டார். கீழே விழுந்த துண்டு ஒன்றை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்த் தீக்குச்சி வைத்தேன், கரும்புகையோடு நன்றாக எரிந்தது. சாதாரண நுரை வேண்டாம், தீ தாங்கும் என்று சோதிக்கப்பட்ட அடைப்புப் பொருள்தான் வேண்டும், அதன் டப்பாவையும் சோதனைச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். பிவிசி குழாய் போகும் இடத்தில் இன்னொரு விஷயம், குழாய் சூட்டில் உருகிவிட்டால் ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும், அதனால் சூடு பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும் வளையம் அதற்குத் தனியாகப் போட வேண்டும்.

மின்சாரத்தில் நான் பார்த்த பெரிய தப்பு இது: அடிக்கடி டிரிப் ஆகிறது என்று, அளவுக்கு மீறி மின்சாரம் போனால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சைக் கழற்றிவிட்டு 32 போடுவது. டிரிப் ஆவது நின்றுவிடும், சந்தோஷம், ஆனால் சுவருக்குள் இருக்கும் ஒயர் பழைய ஒயர்தானே, இனி சூடேறி எரிவது அதுதான். ஏசி மாட்டுகிறவர் ஏசிக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். மீட்டர் பலகையில் கருகிய வாடை வந்தால் நீங்களே கை வைக்க வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. படிக்கட்டு விளக்குக்கு பேட்டரி இருக்கிறது என்று சொல்வார்கள், ஒரு நாள் ராத்திரி பொது மெயினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், எங்களுடையது நாலு நிமிஷம் எரிந்தது.

தண்ணீர் விஷயத்தில், தீயணைப்பு ஹோஸ் குழாய் வைக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள், வேறொன்றும் வேண்டாம். எங்கள் ஹோஸ் பெட்டியில் துடைப்பமும் பினாயிலும் இருந்தன, பித்தளை முனையைக் காணோம். மேல் தொட்டியில் தீயணைப்புக்கான தண்ணீர் எப்போதும் மிச்சம் இருக்கும்படி, வீட்டுக்குப் போகும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் பத்தவில்லை என்று எங்கள் ஆட்களே பிளம்பரைக் கூப்பிட்டு அதைக் கீழே இறக்கியிருந்தார்கள். மேலே ஏற்றி வைத்தோம், திட்டு வாங்கினோம்.

கட்டியவரிடம் கேட்பது எப்படி என்றால், போனில் கேட்காதீர்கள். நோட்டில் 'கட்டியவர்' என்று எழுதிய குறைகளை மட்டும் எண் போட்டுப் போட்டோவோடு போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3) படி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவித்தால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு கேட்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான திட்டமா என்று முதலில் பாருங்கள், ஒப்படைத்த தேதியையும் பாருங்கள், நாலரை வருஷம் ஆகிவிட்டது என்றால் இன்றைக்கே தபால் போடுங்கள். அரசுத் திட்டத்தில் வந்த வீடு என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: அனுமதி பெற்ற வரைபடம், கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வாங்கியிருந்தால் அதன் நகல், அதில் போட்ட நிபந்தனைகள். நிபந்தனை கையில் கிடைத்துவிட்டால் வாதம் பாதி முடிந்தது. 30 நாளில் பதில் வர வேண்டும். நகராமல் கிடந்தால் திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, முதலமைச்சரின் உதவி எண் 1100 இருக்கிறது.

வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்பார்கள். பழைய போட்டோ எடுத்த அதே இடத்தில் நின்று புதுப் போட்டோ எடுங்கள், ஊதுபத்தியை மறுபடி பிடியுங்கள், ஹோஸைத் திறந்து மேல் மாடியில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பாருங்கள், அப்புறம் பேனாவை எடுங்கள்.

இப்போது தீயணைப்பு சிலிண்டர். நடைபாதைக்கு ஏபிசி பவுடர் (மரம் துணி, எண்ணெய், கேஸ் என்று மூன்று வகைத் தீக்கும் ஆனது), மீட்டர் பெட்டி பக்கம் கார்பன் டை ஆக்சைடு. ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், பவுடர் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே இருக்காது, அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பின்னை இழுத்து, நெருப்பின் அடியைப் பார்த்து, அழுத்தி, இடமும் வலமும் வீச வேண்டும், உள்ளே இருப்பது சில நொடிகளுக்குத்தான். வருஷா வருஷம் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், அப்போது ஒத்திகை நடத்தித் தரச் சொல்லி மார்ச்சிலேயே பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கடிதம் கொடுங்கள், வரும்போது வண்டியையும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வாசல் வளைவில் கட்டியிருந்த காதுகுத்து பேனரைக் கழற்றிய பிறகுதான் அந்த வண்டி உள்ளே வந்தது.