பெரியப்பாவுக்கு வந்த ‘லண்டன் பார்சல்’: இணையக் காதல் மோசடியிலிருந்து வீட்டுப் பெரியவர்களைக் காப்பது எப்படி?

பெரியம்மா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. லண்டனில் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் பேஸ்புக்கில் பெரியப்பாவுக்கு நட்பு அழைப்பு அனுப்பினாள். தினமும் காலை ஏழு மணிக்கு, “மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள். எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நான்காவது மாதம் பரிசுப் பார்சல் அனுப்பியதாகச் சொன்னாள். மறுவாரமே ‘டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ்’ என்று ஓர் அழைப்பு: பார்சலில் பவுண்டு நோட்டுகள் இருக்கின்றன, வரி கட்டுங்கள். கட்டினார். அடுத்து அபராதம், அடுத்து சான்றிதழ் கட்டணம். வெட்கத்தில் எங்களிடம் சொல்லவே இல்லை.

படி 1: பேசுங்கள், திட்டாதீர்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம். “இந்த வயசுல இது தேவையா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்க மாட்டார்கள். மோசடிக்காரர்களுக்கும் அதுதான் வேண்டும். “வீட்டில் சொல்லாதீர்கள், அவர்களுக்குப் புரியாது” என்று அவர்கள் முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். போனைப் பிடுங்குவதும் வேண்டாம். பார்சல் கதையை யாருக்கோ நடந்ததாகச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு ஒப்பந்தம்: நேரில் பார்க்காத எவருக்கும் பணம் அனுப்பும் முன் ஒரு நாள் பொறுத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். கூடவே, அந்தக் காலை ஏழு மணி அழைப்பை நீங்கள் செய்யத் தொடங்குங்கள்.

படி 2: பெரியவர்களே சோதிக்கட்டும்

அந்த நபரின் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் தேடக் கற்றுக்கொடுங்கள். அதே முகம் வேறு பெயரில் வந்தால் விஷயம் முடிந்தது. எதுவும் வராவிட்டால் ஆள் உண்மை என்று அர்த்தமில்லை.

பார்சல் கதைக்கும் சோதனை உண்டு. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பார்சலுக்கு வரி இருந்தால், பார்சலைக் கொடுக்கும்போது தபால்துறை வசூலிக்கும். தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ கஸ்டம்ஸ் பணம் கேட்காது. சுங்கத்துறைக் கடிதங்களில் பொதுவாக ‘டின்’ என்ற ஆவண எண் இருக்கும். அது உண்மையா என்று மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் தளத்தில் பார்க்கலாம்.

படி 3: போனில் பத்து நிமிட வேலை

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று போய் ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ போடுங்கள். தெரியாத எண்ணின் வீடியோ கால் இன்னொரு பொறி: எடுத்ததும் நிர்வாணப் படம் ஓடும், உங்கள் முகத்தோடு சேர்த்துப் பதிவு செய்து மிரட்டுவார்கள். ‘சிபிஐ’ என்று ஒருவர் அடுத்து பேசி, கைது செய்வதாக மிரட்டுவார். வீடியோ காலில் கைது செய்ய நம் சட்டத்தில் இடமே இல்லை.

பேஸ்புக்கில் நண்பர் பட்டியலை ‘ஒன்லி மீ’ ஆக்குங்கள். “உங்கள் உறவினர்களுக்கு அனுப்புவேன்” என்ற மிரட்டலுக்கு அந்தப் பட்டியல்தான் உதவுகிறது.

படி 4: பென்ஷன் கணக்கைத் தள்ளி வையுங்கள்

யூபிஐக்குச் சிறு தொகையுள்ள தனிக் கணக்கு போதும்.

படி 5: பணம் போய்விட்டதா? உடனே 1930

அழுவதற்கும் சண்டைக்கும் பிறகு நேரம் இருக்கிறது. முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. அனுப்பிய தேதி, தொகை, வங்கி, பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். கோபத்தில் சாட் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். மனம் உடைந்திருக்கும் பெரியவர்கள் பேச, முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

சில வாரம் கழித்து, “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று யாராவது அழைப்பார்கள். அதுவும் மோசடிதான். பெரியப்பாவுக்கு அப்படி இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.