வரி இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்

சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர், அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பார். வட்டி சொற்பம், அதற்கு அங்கே வரியும் கிடையாது. பிறகு இங்கே எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுவார். பெரும் கறுப்புப் பண முதலைகளுக்காக வந்த வலையில் இவரும் சிக்குவது இப்படித்தான்.

2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் வரி ஏய்ப்பை மட்டும் பார்ப்பதில்லை. வருமான வரிக் கணக்கின் ‘எஃப்ஏ’ (ஃபாரின் அசெட்ஸ்) அட்டவணையில் வங்கிக் கணக்கு, பங்கு போன்ற வெளிநாட்டுச் சொத்தைக் குறிப்பிடாமல் விட்டாலே ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஒரு பைசா வரி பாக்கி இல்லாவிட்டாலும்தான். 2024 அக்டோபர் முதல் ஒரு சலுகை உண்டு: வீடு, மனை தவிர்த்த சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. இதைச் ‘சொல்ல வேண்டாம்’ என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். அபராதம்தான் போயிற்று, கடமை போகவில்லை.

விமானம் தரையிறங்கிய அன்றே இந்தக் கடமை தொடங்கிவிடாது. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தவருக்கு, அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் தங்கிய நாட்கள் 729ஐத் தாண்டாதவருக்கு, ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற இடைநிலை உண்டு. அந்த நிலை நீடிக்கும்வரை எஃப்ஏ அட்டவணை தேவையில்லை. ஆனால் அந்த நிலை முடியும் ஆண்டை யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை. பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து நாமேதான் நாட்களை எண்ண வேண்டும்.

சென்னையில் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்த்து, தாய் நிறுவனத்தின் பங்குகளைப் பெறுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. வருமானம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. எஃப்ஏ அட்டவணையோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. (இப்படி வகுத்தவர் ஒரு முறையாவது இதைத் தாமே நிரப்பிப் பார்த்திருக்கலாம்.) 2025 பிப்ரவரியில் கைக்கு வந்த பங்கு, 2024-25 சம்பளத்தில் சேரும், அட்டவணையில் அடுத்த ஆண்டுதான் ஏறும். 2024 பிப்ரவரியில் விற்றுத் தீர்த்த பங்கையோ, கையில் இல்லாவிட்டாலும், 2024-25ஆம் ஆண்டுக் கணக்கின் அட்டவணையில் எழுத வேண்டும். ‘விற்றுவிட்டேனே’ என்பது செல்லாது.

அந்தப் பங்கின் ஈவுத்தொகையில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். கைக்கு வந்த மிச்சத்தை மட்டும் காட்டுவது தவறு. முழுத் தொகையையும் காட்டி, பிடித்த வரிக்குப் படிவம் 67 தாக்கல் செய்து கழித்துக்கொள்ள வேண்டும். வருமான வரிக் கணக்குக்கான ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களில் எஃப்ஏ அட்டவணையே கிடையாது, அவை இவர்களுக்கு உதவாது என்பதையும் கவனியுங்கள்.

வெளிநாட்டில் சொத்து வைத்திருப்பதே குற்றம் என்ற பயத்தில் மறைப்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்து வாங்கியதைத் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிக்கிறது. மறைத்தும் பயனில்லை. சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் இந்தியாவுக்கு அனுப்புகின்றன. அவற்றை வைத்தே 2024 நவம்பரில் வருமான வரித் துறை, தாக்கல் செய்த வரிக் கணக்கைச் சரிபார்த்துத் திருத்தச் சொல்லிப் பலருக்குச் செய்தி அனுப்பியது. அப்படி ஒன்று வந்தால் ஆடிட்டரிடம் போவதற்கு முன், அந்த ஆண்டின் டிசம்பர் வரையிலான வங்கி, பங்குக் கணக்கு அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் உச்ச இருப்பு எவ்வளவு என்றுதான் அவர் முதலில் கேட்பார்.