பக்கத்து மனை பிளான் அப்ரூவலை எதிர்த்து மதுரை பெஞ்சுக்குப் போகும் முன்

ஆடி மாதம் எங்கள் வீட்டு மேற்கு சன்னலைத் திறந்தால் காலண்டர் படபடக்கும். நெல்லைப் பக்கம் காற்றுக்கா பஞ்சம்! போன வருடம் அந்தச் சன்னலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவர் எழும்பியது. அதற்காக, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை பெஞ்சு வரை அலைந்து கற்றதை எழுதுகிறேன்.

முதலில் ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பிளானுக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். ‘விவரம் தருக’ என்று எழுதினால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அனுமதி உத்தரவு, ஒப்புதல் பெற்ற வரைபடம், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் எனத் தனித்தனியாகக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

அடுத்ததில்தான் நான் சறுக்கினேன். வரைபடத்தைப் பார்க்காமலே ‘அப்ரூவலை ரத்து செய்ய வேண்டும்’ என்று மனுவைத் தயார் செய்து, நெல்லை வேய்ந்தான்குளத்தில் பஸ் ஏறி மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கினேன். வக்கீல் கேட்ட முதல் கேள்வி: “பிளான்ல எடம் விட்டிருக்கா, இல்லையா?” எல்லையோரம் விட வேண்டிய காலி இடம் வரைபடத்தில் விட்டிருந்தது. கட்டும்போதுதான் விழுங்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் அது வேறு வழக்கு.

அனுமதியே விதிக்கு முரண் என்றால், 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 79-ஆவது பிரிவின் மேல்முறையீட்டை முதலில் பாருங்கள். அதை விட்டுவிட்டு அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், ‘அங்கே போனீர்களா?’ என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். பிளான் சரி, கட்டடம்தான் மீறல் என்றால், அதே சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி நடவடிக்கை கேட்டு, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு மனு. அசையாவிட்டால் நடவடிக்கை எடுக்கச் சொல்லி ரிட்.

மனுவை நேரில் கொடுத்து முத்திரை வாங்குவதைவிடத் தபாலையே நம்புவேன். பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டைதான் கோர்ட்டில் பேசும். இடைவெளியை அளக்க மொபைல் ஆப் வேண்டாம். டேப்பை வைத்து, தேதியோடு போட்டோ எடுங்கள். தளம் போடும்வரை காத்திருக்காதீர்கள். தாமதம் இடைக்காலத் தடைக்கே எதிராகப் போகும்.

சேர்த்தது: ஒப்புகையோடு அனுப்பப் பதிவுத் தபால்தான் இப்போது இல்லையே என்று சிலர் கேட்டார்கள். 2025-இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று கவுண்ட்டரில் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று: கட்டுகிற பக்கத்து வீட்டுக்காரரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். தெருவில் முகம் பார்க்க வேண்டுமே என்று நான் விட்டேன். அவரைச் சேர்த்து வரும்படி கோர்ட் சொல்லி, வழக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது.